திரையைத் துடைக்கிறது யாரு? – ஒரு கன்சோல் புராணம்

நம்ம ஊர்ல பொறியியல் படிச்ச யாரையாவது நடுராத்திரி எழுப்பி "ஒரு சி புரோகிராம் எழுதுப்பா"ன்னு சொல்லிப் பாருங்க. கண்ணைத் தொறக்காமலே கோனியோ டாட் ஹெச்சை இன்க்ளூட் பண்ணுவாங்க. அடுத்து வாய்ட் மெயின். அதுக்கப்புறம் பிள்ளையார் சுழி மாதிரி ஒரு வரி: சி-எல்-ஆர்-எஸ்-சி-ஆர், அதாவது நாம "கிளியர் ஸ்கிரீன்"னு வாசிக்கிற ஆறெழுத்து மந்திரம். கடைசியில மங்களம் பாட கெட்ச். நடுவுல இருக்கிற சமாச்சாரம் ஃபிபனாச்சியோ பாலிண்ட்ரோமோ எதுவா வேணா இருக்கலாம். இந்த மொதலும் கடைசியும் மாறவே மாறாது.

ஏன் எழுதறோம்? "லேப்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க." சரி, லேப்ல ஏன் அப்படி சொல்லிக் குடுத்தாங்க? இங்கதான் எல்லாரும் ஙேன்னு முழிப்போம்.

நான் பொட்டி தட்ட வந்து சில வருஷம் ஆச்சு. புதுசா வேலைக்குச் சேர்ற பசங்களும் இதே கேள்வியைத்தான் வேற வேற ரூபத்துல கேக்கறாங்க. "அண்ணா, புரோகிராம் ஓடிட்டு இருக்கும்போதே ஸ்க்ரீனை எப்படிண்ணா துடைக்கிறது?" ஒரு வரியில பதில் சொல்லிடலாம்தான். ஆனா ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பதில், ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு பதில். ஒரு சாதாரண வேலைக்கு ஏன் இத்தனை பதில்னு தோண்டிப் பார்த்தா அறுபது வருஷக் கதை கிடைக்குது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கோங்க :-)

பேப்பரைத் துடைக்க முடியுமா?

ஆரம்பத்துல திரையே கிடையாது. அப்புறம் எங்க துடைக்கிறது?

யூனிக்ஸ் 1969ல பெல் லேப்ஸ்ல பொறந்தப்போ கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் கம்ப்யூட்டரோட பேசினது டெலிடைப் மாடல் 33ங்கிற தட்டச்சு மெஷின் வழியா. 1963ல வந்த மெஷின் அது. கம்ப்யூட்டர் அனுப்புற ஒவ்வொரு எழுத்தையும் உருளைக் காகிதத்துல டக் டக்னு அடிக்கும். வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. அடிச்சது அடிச்சதுதான். தப்பா வந்தா காகிதத்தைக் கிழிச்சுப் போடலாம், அதைக் கிழிக்கச் சொல்லி புரோகிராமால ஆணை போட முடியாது.

அதே 1963ல வந்த ஆஸ்கி அட்டவணையைப் பாருங்க. மணி அடிக்க ஒரு எண் (7), ஒரு எழுத்து பின்னாடி நகர ஒரு எண் (8), அடுத்த வரிக்குப் போக ஒரு எண் (10), வண்டியை வரியோட தொடக்கத்துக்கு இழுக்க ஒரு எண் (13). "திரையைத் துடை"ன்னு ஒரு எண் கிடையாது. கிட்டத்தட்ட அந்த அர்த்தத்துல இருக்கறது 12, ஃபார்ம் ஃபீட். "இந்தத் தாளை விட்டுட்டு அடுத்த தாளோட தலைக்குப் போ"ன்னு பிரிண்டருக்குச் சொல்றது. பழைய தாள் அழியாது, அது பாட்டுக்குக் கீழ கிடக்கும்.

சி மொழி 1970களோட தொடக்கத்துல இந்தச் சூழல்லதான் உருவாச்சு. அதனாலதான் சி பார்க்கிற உலகத்துல வெளியீடுங்கிறது ஒரு வாய்க்கால். தண்ணி ஒரு பக்கம் உள்ள போகும், இன்னொரு பக்கம் வெளிய போகும். அந்தப் பக்கம் காகிதம் இருக்கா, கண்ணாடி இருக்கா, டிஸ்க்ல ஒரு ஃபைல் இருக்கா, வேற ஒரு புரோகிராம் இருக்கான்னு பிரிண்ட்எஃப்புக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. யூனிக்ஸோட பலமே அதுதான். ஒரு புரோகிராமோட வெளியீட்டை இன்னொண்ணுக்கு உள்ளீடா குடுக்க முடியறது இதனாலதான். விட்ட தண்ணியைத் திரும்ப இழுக்க முடியாதுங்கறதுதான் அதுக்கு நாம குடுக்கிற விலை.

1989ல சி மொழிக்கு முதல் தரநிலை வந்தப்பவும் திரையைத் துடைக்கிற ஃபங்ஷன் அதுல சேரல. மறந்துபோய் விடல. திரைன்னு ஒண்ணு இருக்கும்னே அந்த மொழி வாக்குக் குடுக்கலை. "ஸ்க்ரீனை எப்படி துடைக்கிறது?"ங்கிற கேள்வி இணையத்துல பல வருஷமா சுத்தற சி மொழி கேள்வி-பதில் தொகுப்புல தனி எண் போட்டே இருக்கு: 19.4. அவ்வளவு பேர் கேட்டிருக்காங்க!

கண்ணாடி டெலிடைப்

1960களோட கடைசியில காகிதத்துக்குப் பதிலா டிவி மாதிரி குழாய் வச்ச டெர்மினல்கள் வர ஆரம்பிச்சுது. மொத மொதல்ல வந்ததுங்க டெலிடைப்பை அப்படியே நடிச்சுக் காட்டின மெஷின்கள். கிண்டலா "கண்ணாடி டெலிடைப்"னு பேரே வச்சாங்க.

ஆனா கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணாடியில தெரியற எழுத்து டெர்மினலுக்குள்ள இருக்கிற மெமரியில உக்காந்திருக்கு. 80 எழுத்து, 24 வரி, மொத்தம் 1920 எழுத்து. மெமரியை அழிக்கலாம்!

எப்படி அழிக்கிறது? 1920 இடைவெளி எழுத்து அனுப்பினா போச்சேன்னு தோணும். அப்போ நொடிக்கு முப்பது எழுத்து போற 300 பாட் டெலிபோன் இணைப்பு சர்வ சாதாரணம். 1920ஐ முப்பதால வகுங்க, 64 நொடி. ஒரு தடவை திரையைத் துடைக்க ஒரு நிமிஷத்துக்கு மேல! அதனால "துடை"ங்கற சேதியை ஒண்ணு ரெண்டு எழுத்துல அனுப்பினா டெர்மினலே உள்ளுக்குள்ள துடைச்சுக்கிடும்னு ஏற்பாடு பண்ணாங்க.

அந்த ஒண்ணு ரெண்டு எழுத்து எதுங்கறதுலதான் வந்துச்சு வினை. ஆஸ்கியில அதுக்கு இடமில்லாததால ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒண்ணை வச்சுது. லியர் சீக்லரோட ஏடிஎம்-3ஏ (1976) டெர்மினலுக்குக் கண்ட்ரோல்-இசட். டெக் கம்பெனியோட விடி52க்கு (1975) எஸ்கேப் ஹெச் போட்டு மூலைக்குப் போய், எஸ்கேப் ஜே போட்டு அங்கிருந்து கடைசி வரைக்கும் அழிக்கணும். ஹெச்19க்கு எஸ்கேப் இ. ஹேசல்டைன் 1500க்கோ டில்டே குறியும் அதைத் தொடர்ந்து 28ங்கற எண்ணும். ஒரு டெர்மினலுக்கு எழுதின புரோகிராமை இன்னொண்ணுல ஓட்டினா திரை துடையாது, ஜிலேபி பிழிஞ்ச மாதிரி என்னமோ வந்து நிக்கும்.

பில் ஜாயோட ஜாதகப் புத்தகம்

பெர்க்லியில படிச்சிட்டு இருந்த பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதறார். முழுத் திரையையும் பயன்படுத்தற எடிட்டர். அவர் கையில இருந்தது ஏடிஎம்-3ஏ. (அதுல ஹெச், ஜே, கே, எல் விசைகள் மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும். விஐ-ல இன்னைக்கும் நாம அந்த நாலு விசையை வச்சு அங்க இங்க ஓடறது அதனாலதான்.) ஆனா பல்கலைக்கழகத்துல இருக்கிறவங்க எல்லாரும் ஒரே டெர்மினலா வச்சிருப்பாங்க?

அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, 1978ல வந்த டெர்ம்கேப். வேற ஒண்ணுமில்லை, ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒவ்வொரு டெர்மினலுக்கும் அதுல ஒரு ஜாதகம். எத்தனை வரி, எத்தனை எழுத்து, எந்தச் சேதி அனுப்பினா திரை துடையும், எதை அனுப்பினா கர்சர் நகரும், எல்லாம் சின்னச் சின்னக் குறியீட்டுல. புரோகிராம் மொதல்ல "நீ யாரு?"ன்னு டெர்ம்ங்கற சூழல் மாறியைப் பார்க்கும், ஜாதகத்தைப் புரட்டும், அதுல இருக்கிறதை எடுத்து அனுப்பும். 1979ல வந்த 2பிஎஸ்டியோட சேர்ந்து வந்த கிளியர் கட்டளை செஞ்ச வேலையும் இவ்வளவுதான்.

அந்த ஜாதகத்துல எனக்கு ரொம்பப் புடிச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. விடி100 டெர்மினலுக்கான துடைப்புச் சேதிக்கு முன்னாடி 50ன்னு ஒரு எண் இருக்கும். "துடைக்கச் சொன்னதுக்கு அப்புறம் 50 மில்லிநொடி பொறுத்துக்கோ, பாவம் அது துடைச்சு முடிக்கட்டும்"னு அர்த்தம். நொடிக்கு 960 எழுத்து போற இணைப்புல அது 48 எழுத்து நேரம். அந்த நேரத்தை ஓட்ட சும்மா வெத்து எழுத்துக்களை அனுப்பிட்டு இருப்பாங்க. வீட்டுல தரையைத் துடைச்சிட்டு "காயற வரைக்கும் யாரும் வராதீங்க"ன்னு சொல்றாங்களே, அதே கதைதான்.

இதுக்கு மேல கென் ஆர்னால்ட் கர்சஸ் நூலகத்தைக் கட்டினார். மேரி ஆன் ஹார்ட்டன் டெர்ம்கேப்போட வாரிசா டெர்மின்ஃபோவைக் கொண்டு வந்தார். இன்னைக்கு லினக்ஸ்ல கிளியர்னு அடிச்சா அது தேடறது டெர்மின்ஃபோவைத்தான்.

எல்லாருக்கும் ஒரே பாஷை

இன்னொரு பக்கம் "ஏம்பா ஆளுக்கொரு பாஷை, எல்லாரும் சேர்ந்து ஒண்ணு வச்சுக்கலாமே"ன்னு ஒரு முயற்சி நடந்துச்சு. 1976ல எக்மா-48னு ஐரோப்பியத் தரநிலை, 1979ல அன்சி எக்ஸ்3.64ன்னு அமெரிக்கத் தரநிலை. நடுவுல 1978ல டெக் விட்ட விடி100 இந்தப் பாஷையைப் பேசிச்சு. அது சக்கைப்போடு போட்டதால அந்தப் பாஷையும் பரவிச்சு.

அந்தப் பாஷையில திரையைத் துடைக்க: எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 2, ஜே. நாலே எழுத்து. ஜேங்கறது அழிக்கிற வேலை. முன்னாடி வர்ற எண் எவ்வளவு அழிக்கணும்னு சொல்லும். 0ன்னா கர்சர்ல இருந்து கடைசி வரைக்கும், 1ன்னா தொடக்கத்துல இருந்து கர்சர் வரைக்கும், 2ன்னா மொத்தமும்.

ஒரு நுணுக்கம். விடி100ல 2ஜே துடைக்கும், ஆனா கர்சர் இருந்த இடத்துலயே நிக்கும். பலகையைத் துடைச்சாச்சு, சாக்பீஸ் பிடிச்ச கை மட்டும் நடுப்பலகையிலயே நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அதனாலதான் கூடவே ஒரு எஸ்கேப், அடைப்புக்குறி, ஹெச் போட்டு மேல் இடது மூலைக்குப் போகச் சொல்றோம். டாஸ் பக்கம் பழகினவங்களுக்கு இது விசித்திரமா இருக்கும். அங்க 2ஜே போட்டாலே கர்சரும் மூலைக்குப் போயிடும்.

வீட்டு கம்ப்யூட்டர்கள்

1977 வாக்குல வீட்டுக்கு வந்த குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு இந்த வாய்க்கால் தத்துவமெல்லாம் கிடையாது. ஒரு மெஷின், ஒரு திரை, ஒரு ஆள். திரையோட மெமரி புரோகிராம் கையிலயே இருக்கும். அதனால பேசிக் மொழியிலயே துடைக்கிற கட்டளை வச்சுட்டாங்க. டிஆர்எஸ்-80ல சிஎல்எஸ். கமோடர்ல 147ங்கற எண்ணை அச்சடிக்கணும், புரோகிராமைப் பட்டியல் போட்டா அது தலைகீழ் நிறத்துல ஒரு இதயமாத் தெரியும். ஆப்பிள் 2ல இன்டீஜர் பேசிக்னா "கால் -936". என்னடா மைனஸ் 936னு பார்த்தா, 65536ல இருந்து 936ஐக் கழிச்சா வர்ற 64600ங்கற முகவரியில ராம்-ல இல்லாம ரோம்-ல துடைக்கிற நிரல் உக்காந்திருக்கு. நேரா அங்க போய்க் கதவைத் தட்டறாங்க!

1981ல ஐபிஎம் பிசி வந்துச்சு. 80க்கு 25, மொத்தம் 2000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட், ஆக 4000 பைட். கலர் அட்டைன்னா பி8000ங்கற முகவரியில இருந்து அந்த 4000 பைட்லயும் "இடைவெளி, 7, இடைவெளி, 7"ன்னு எழுதிட்டா கறுப்புப் பின்னணியில திரை சுத்தம். அவ்வளவு பொறுமை இல்லைன்னா பயாஸ் கிட்ட 10ஹெச் இன்டரப்ட் வழியா கேக்கலாம். அங்கயும் "துடை"ன்னு தனியா ஒண்ணு கிடையாது. "மேல நகர்த்து"ங்கற வேலையில எத்தனை வரின்னு கேட்டா பூஜ்யம்னு சொல்லணும். பூஜ்யம்னா மொத்தமும்னு அர்த்தம்!

1983ல எம்எஸ்-டாஸ் 2.0 வந்தப்போ சிஎல்எஸ் கட்டளையும் வந்துச்சு, கூடவே அன்சி டாட் சிஸ் வந்துச்சு. அதை கான்ஃபிக் டாட் சிஸ்ல ஏத்தினா விடி100 பாஷை டாஸ்லயும் புரியும். ஏத்தலைன்னா? இடது பக்கம் பார்க்கிற அம்பு, அடைப்புக்குறி, 2, ஜேன்னு திரையில அப்படியே வந்து பல்லைக் காட்டும். பயனர் அதை ஏத்தி வச்சிருப்பார்னு நம்பி யாரு புரோகிராம் எழுதுவா? அதனால டாஸ் புரோகிராமருங்க மெமரியிலயே நேரா எழுதப் பழகினாங்க.

போர்லாண்டும் நம்ம லேபும்

இப்ப நம்ம மந்திரத்துக்கு வருவோம்.

1983ல போர்லாண்ட் கம்பெனி டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வித்துச்சு. அதுலயே கிளியர் ஸ்கிரீன் வேலை இதே ஆறெழுத்துச் சுருக்கத்துல இருந்துச்சு. 1987ல டர்போ சி. அந்த வரிசையில சி பக்கம் வந்த திரை வேலைகளுக்கெல்லாம் கோனியோ டாட் ஹெச் வீடாச்சு. கன்சோல், ஐ, ஓ. இது சி மொழியோட பகுதி இல்லை. ஒரு கம்பெனி, ஒரு மெஷினுக்காகப் போட்ட இணைப்பு.

சரி, ஏன் ஒவ்வொரு புரோகிராம்லயும் எழுதினோம்? பதில் அந்த நீலத் திரைக்குப் பின்னாடி இருக்கு. டர்போ சி எடிட்டருக்கு ஒரு திரை, நம்ம புரோகிராம் ஓடறதுக்கு "யூசர் ஸ்க்ரீன்"னு இன்னொரு திரை. கண்ட்ரோல்-எஃப்9 அழுத்தினா யூசர் ஸ்க்ரீன் முன்னாடி வரும், புரோகிராம் அதுல எழுதும், முடிஞ்ச மறு நொடி நீலத் திரை மூடிக்கிடும். வெளியீடு கண்ணுல படறதுக்குள்ள போயிடும். அதான் கடைசியில கெட்ச்: "ஒரு விசையை அழுத்தற வரைக்கும் நில்லு." அடுத்த தடவை ஓட்டும்போது யூசர் ஸ்க்ரீன்ல போன தடவை எழுதினது அப்படியே இருக்கும், புதுசு அதுக்குக் கீழ வரும். எது பழைய விடை, எது புது விடைன்னு குழப்பம். அதான் ஆரம்பத்துல துடைப்பு.

ஆக ரெண்டு வரியும் சேர்ந்து ஒரு எடிட்டரோட பழக்கவழக்கத்துக்கு நாம போட்ட ஒட்டு. ஆல்ட்-எஃப்5 அழுத்தினா யூசர் ஸ்க்ரீனை எப்ப வேணா பார்க்கலாம், அதைத் தெரிஞ்சவங்களுக்குக் கெட்ச்கூடத் தேவைப்படலை.

இன்னொண்ணும் நினைவிருக்கா? துடைப்பு வரியை மாறிகளை அறிவிக்கிறதுக்கு முன்னாடி போட்டா, இங்க அறிவிப்புக்கு அனுமதி இல்லைன்னு எர்ரர் வரும். "அறிவிப்பு முடிஞ்சதும்தான் துடைக்கணும்"னு ஒரு விதியா நோட்டுல எழுதி வச்சிருப்போம். உண்மையில அதுக்கும் துடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. 1989 சி-யில ஒரு தொகுதிக்குள்ள அறிவிப்பெல்லாம் மொதல்ல, வேலையெல்லாம் அப்புறம். அந்த இடத்துல பிரிண்ட்எஃப் போட்டிருந்தாலும் அதே எர்ரர்தான்.

டர்போ சி++ 3.0 வந்தது 1991ல. சி++க்கு முதல் தரநிலை வந்ததே 1998லதான். அதாவது நம்ம லேப்ல படிச்ச மொழி, தரநிலைக்கு ஏழு வருஷம் முந்தினது. அது 16 பிட் புரோகிராம்ங்கறதால 64 பிட் விண்டோஸ்ல நேரா ஓடாது. ஓடாட்டி விட்டுடுவோமா? டாஸ்பாக்ஸ்னு ஒரு நடிகரை வச்சு, புது லேப்டாப்புக்குள்ள பழைய பிசி வேஷம் கட்டி, அதுக்குள்ள ஓட்டினோம். நான் பொறியியல் படிச்சது 2010களோட பின்பாதியில. அப்பவும் எங்க லேப்ல நீலத் திரைதான்.

இதுல சிரிக்க ஒண்ணுமில்லைங்க. என் நண்பன் ஒருத்தன், கிராமத்துல இருந்து வந்து, வீட்டுல மொத பட்டதாரி. கேம்பஸ் இன்டர்வியூவுல ஒரு கம்பெனிக்காரர் பேப்பர்ல புரோகிராம் எழுதச் சொன்னார். இவன் எழுதின மொத வரியில கோனியோவைப் பார்த்ததுமே அவர் பேனாவை மூடி வச்சுட்டுச் சிரிச்சாராம். கீழ எழுதியிருந்த சார்ட்டிங் சரியா தப்பான்னுகூடப் பார்க்கலை. வெளிய வந்து "மச்சி, நான் படிச்சது சி இல்லையாடா?"ன்னு கேட்டான். எனக்கு அப்போ சொல்லத் தெரியலை. இப்ப சொல்லுவேன். நீ படிச்சது சி-யும், கூடவே ஒரு கம்பெனியோட 1991 வருஷத்து மேசை ஒழுங்கும். ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு உனக்கு யாரும் காட்டலை. கோடு காட்டாதது உன் தப்பு இல்லை.

அந்தக் கோட்டை அஞ்சு நிமிஷத்துல காட்டியிருக்கலாம். இந்த ரெண்டு வரியும் ஏன்னு ஒரு வாத்தியார் சொல்லியிருந்தா, லினக்ஸ்ல "கோனியோ டாட் ஹெச்சா, அப்படி ஒரு ஃபைலே இல்லையே"ன்னு கம்பைலர் கையை விரிக்கும்போது பசங்க பயந்துருக்க மாட்டாங்க. அந்த வரியை எடுத்துட்டு மேல போயிருப்பாங்க.

விண்டோஸ் பக்கம்

1993ல விண்டோஸ் என்டி வந்தப்போ டாஸ் காலத்து வழியெல்லாம் மூடிப்போச்சு. வீடியோ மெமரியில நேரா கை வைக்க முடியாது. அன்சி டாட் சிஸ்ஸும் 32 பிட் புரோகிராம்களுக்கு உதவாது. அதுக்குப் பதிலா மைக்ரோசாஃப்ட் தந்தது நாலு படி வேலை. கன்சோலோட அளவைக் கேளு, எல்லாக் கட்டத்துலயும் இடைவெளியை நிரப்பு, நிறத்தை நிரப்பு, கர்சரை மூலைக்குக் கொண்டு போ.

ஒரு துடைப்புக்கு இருபது வரி நிரலா? நம்மாளுங்க குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க: சிஸ்டம் ஃபங்ஷனுக்குள்ள சிஎல்எஸ். ஒரு வரி. வேலை செய்யுது. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. சிஎல்எஸ்ங்கறது தனி புரோகிராம் இல்லை, சிஎம்டிக்குள்ள இருக்கிற கட்டளை. அதனால திரையைத் துடைக்க ஒவ்வொரு தடவையும் முழு சிஎம்டி ஒண்ணு எழுந்து வந்து, துடைச்சிட்டு, செத்துப்போகுது. யூனிக்ஸ்ல இதே மாதிரி கிளியரைக் கூப்பிட்டா இன்னொரு ஆபத்து. அது தனி புரோகிராம், பாத் மாறியில சொல்லியிருக்கிற இடத்துல எல்லாம் தேடும். அங்க யாராவது கிளியர்னு வேற ஒண்ணை வச்சிருந்தா அதுதான் ஓடும். ஜாவாவுல இதே வித்தையைக் காட்டப் போய் "ஏன் துடையவே மாட்டேங்குது"ன்னு மண்டையை உடைச்சுக்கிட்டவங்க ஏராளம். சிஎல்எஸ்னு ஃபைல் இல்லாததால ஓடாது. சிஎம்டி வழியா ஓட்டினாலும் வெளியீடு திரைக்குப் போகாம ஜாவா கையில இருக்கிற குழாய்க்குள்ள போயிடும்.

கடைசியில 2015-16 வாக்குல விண்டோஸ் 10 கன்சோலுக்கு விடி100 பாஷை புரிய ஆரம்பிச்சுது. ஒரு கொடியை ஏத்தி வச்சா போதும், அதே எஸ்கேப், அடைப்புக்குறி, 2, ஜே. 1978ல சொன்னதைக் கேக்க கிட்டத்தட்ட நாப்பது வருஷம் :-)

துடைச்சா போயிடுமா?

இப்ப நாம பயன்படுத்தறது டெர்மினலே இல்லை, டெர்மினல் வேஷம் போட்ட ஜன்னல். இதுல மேல உருட்டிப் பார்க்கலாம், போனதெல்லாம் இருக்கும். அப்போ "துடை"ன்னா கண்ணுக்குத் தெரியறதை மட்டுமா, உருட்டினா வர்றதையும் சேர்த்தா?

எக்ஸ்டெர்ம் இதுக்கு 3ஜேன்னு ஒண்ணைச் சேர்த்துச்சு, சேமிச்சு வச்ச பழைய வரிகளையும் அழிக்க. 2011ல வந்த லினக்ஸ் 3.0ல அதோட கன்சோலும் இதைக் கத்துக்கிச்சு. அப்புறம் கிளியர் கட்டளையே பழசையும் சேர்த்து அழிக்க ஆரம்பிச்சப்போ ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டுச்சு, இன்னொரு கூட்டம் "என் மூணு மணி நேர வேலை போச்சே"ன்னு கத்துச்சு. அவங்களுக்காகவே அதுல மைனஸ் எக்ஸ்னு ஒரு தெரிவு இருக்கு, பழசைத் தொடாம துடைக்க.

ரெண்டு கூட்டமும் சொல்றது நியாயம்தான். டெபியன், உபுண்டுவுல கன்சோல்ல இருந்து வெளிய போகும்போது திரை தானா துடையும். அடுத்து வந்து உக்கார்றவர் நீங்க என்ன செஞ்சீங்கன்னு பார்க்கக் கூடாதுங்கறதுக்காக. அங்க துடைக்கிறது நாகரிகம். ஆனா ஒரு லாக் ஃபைலுக்குள்ள எவனோ அந்த நாலு எழுத்தை நுழைச்சு வச்சான்னு வைங்க. நிர்வாகி அதைக் கேட் போட்டுப் பார்க்கும்போது, அதுக்கு முன்னாடி ஓடின வரியெல்லாம் திரையில இருந்து மறைஞ்சிடும். டாஸ் காலத்துல இதைவிட மோசம். அன்சி டாட் சிஸ் பாஷையில விசைகளோட வேலையையே மாத்தலாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திரையில காட்டினாலே, அப்புறம் ஏதோ ஒரு விசையைத் தட்டும்போது ஃபைல்களை அழிக்கிற கட்டளை ஓடற மாதிரி வச்சாங்க. அதுக்கு "அன்சி குண்டு"ன்னே பேரு.

அதனால இப்ப யாராவது "எப்படிண்ணா துடைக்கிறது?"ன்னு கேட்டா, நான் மொதல்ல "எதுக்குத் துடைக்கணும்?"னு கேக்கறேன். வாய்க்கால் மாதிரி எழுதிட்டுப் போற புரோகிராம்னா துடைக்காதீங்க. அந்தத் திரையில உங்களுக்கு முன்னாடி எழுதினது உங்க சொத்து இல்லை. அதுல அவருக்கு வேண்டிய எர்ரர் ஒண்ணு இருக்கலாம். வெளியீடு ஃபைலுக்குப் போகுதுன்னா அந்த எஸ்கேப் எழுத்தெல்லாம் ஃபைலுக்குள்ள குப்பையா விழும், அந்தப் பக்கம் இருக்கிறது டெர்மினல்தானான்னு பார்த்துட்டு அனுப்புங்க. முழுத் திரையும் வேணுங்கற கேமோ எடிட்டரோ எழுதறீங்கன்னா விம், லெஸ் எல்லாம் செய்யற மாதிரி மாற்றுத் திரைக்குப் போங்க. அங்க உங்க இஷ்டத்துக்குத் துடைங்க, எழுதுங்க. வெளிய வரும்போது பயனர் விட்டுட்டுப் போனது அப்படியே அவருக்குத் திரும்பக் கிடைக்கும். என்கர்சஸ் பயன்படுத்தினா இதை அதுவே பார்த்துக்கும்.

வாடகை வீட்டுல ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரைக் கேக்கறோம்ல, அவ்வளவுதான் விஷயம்.

லேப்ல பாடம் எடுக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள். டர்போ சி-யை மாத்தறது உங்க கையில இல்லாம இருக்கலாம், அது புரியுது. அந்த ரெண்டு வரியை எழுதச் சொல்லும்போது ஏன்னு மட்டும் சொல்லிடுங்க. ரெக்கார்டு நோட்டுல ரெண்டு வரி கூடுதலா எழுதினா போதும்.

உங்க லேப்ல என்ன இருந்துச்சு? டர்போவா, பேசிக்கா, இல்ல நிஜமான விடி100 டெர்மினலையே தொட்ட பெரியவங்க யாராவது இருக்கீங்களா? பின்னூட்டத்துல வந்து கொசுவத்தி சுத்துங்க. எனக்கு ஆணி நெறைய கிடக்கு, வரட்டா!